வெள்ளிக்காசின் வடுக்கள்

புதுக்காசு கையிற் கிடைப்பின் மகிழாதார் இலர். வெட்டுப்பட்டும் தேய்ந்தும் கறுத்தும் கிடக்கும் பழங்காசைக் கண்டாலோ முகஞ் சுளித்து ஒதுக்குவாரே பலர். யாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்களாகவே இருந்தோம். சென்ற ஆண்டு எம் விடுதியில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி எம் கருத்தை மாற்றிவிட்டது. அதனை முதற்கண் கூறிப் பின்னர்ப் பொருளுட் புகுவாம்.

எம்முடன் விடுதியில் உறையும் நண்பர் ஒருவர் கொங்கு நாட்டினர். அவருடைய கொள்ளுப்பாட்டனார் காலத்தில் தோட்டத்திற் கிணறு வெட்டும்போது ஒரு சிறு மட்கலயம் வெளிப்பட்டதாம். அதனுள்ளே வெள்ளிக்காசுகள் இருந்தன. வீட்டார் அவற்றை ஊர்த் தட்டாரிடம் கொடுத்து உருக்கித் தண்டையும் காப்புமாகச் செய்துகொண்டனர். ஒரு காசு மட்டும் மங்கலங் கருதி அரிசிப்பானையுள் இடப்பட்டமையால் தீக்கு இரையாகாது பிழைத்தது. விடுமுறை கழிந்து திரும்பிய நண்பர் அதனை எமக்குக் காட்டுவான் வேண்டிக் கொணர்ந்திருந்தார்.

அக்காசு கட்டைவிரல் நகத்தினுஞ் சற்றே பெரிது. ஒரு புறம் மாலை சூடிய ஆடவன் ஒருவனின் தலை. மறுபுறம் இருக்கையில் அமர்ந்த ஒரு பெண்ணின் உரு. ஆடவனுடைய கன்னத்திற் பிறை வடிவான ஒரு சிறு குழி; விளிம்பில் உளியால் வெட்டினாற் போன்ற ஒரு பிளவு; எங்கணும் கருமை. "இதனைச் சற்றுத் துலக்கிப் பார்ப்போம்" என்று யாம் புளியுஞ் சாம்பலும் தேடிக்கொண்டிருந்தபோது, அவ்வழியே வந்த எம் வரலாற்றுப் பேராசிரியர், "தம்பிகளே, அதைத் தேய்த்துவிடாதீர்கள். நீங்கள் அழுக்கென்றும் வடுவென்றும் நினைப்பவைதாம் அக்காசிற் படிக்கத்தக்க எழுத்துக்கள்" என்று தடுத்தார். அன்று முதல் அவ்வெழுத்துக்களைப் படிக்க யாம் மேற்கொண்ட முயற்சியின் பயனே இக்கட்டுரை.

காசு யாருடையது?

தலைக்குரியோன் உரோமப் பேரரசன் திபேரியு. கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டவன். நம் வேதாகமம் திபேரியுராயன் எனக் குறிப்பவனும் இவனே. காசின் பெயர் டெனாரியஸ் என்பது. திராட்சத் தோட்டத்து வேலையாட்கள் ஒரு நாட்கூலியாகப் பேசிக்கொண்ட 'பணம்' இந்த டெனாரியஸே. வரி கொடுப்பது முறையோ என்று வினவியவர்களிடம் நம் ஆண்டவர் கொண்டுவரச் சொல்லிப் பார்த்த காசும் டெனாரியஸ் என்றே மூல நூல் கூறும். அது திபேரியுவின் இவ்வகைக் காசாகவே இருத்தல் வேண்டுமென்பது பலர் கருத்து. இக்காசுகள் இக்காலத்தில் பிரான்சு நாட்டில் லியோன் என வழங்கும் நகரத்து அக்கசாலையில் அடிக்கப்பெற்றவை.

ஆண்டவர் அக்காசில் உருவத்தையும் மேலெழுத்தையும் சுட்டி வினவினார். யாமோ இராயன் பொறித்த உருவத்தை விடுத்து, இராயன் பொறியாத குறிகளைப் பற்றி வினவப் புகுந்தோம். அப்பிறையை இட்டவர் யார்? அவ்விளிம்பை வெட்டியது எதற்கு? உள்ளே இருப்பது எவ்வளவு வெள்ளி?

குறிகளைப் பகுத்தறியும் முறை

காசின்மேற் காணும் விந்தைக் குறிகளெல்லாம் ஓரினத்தன அல்ல. அக்கசாலையிலேயே தோன்றியவை சில. காசு புறப்பட்ட பின்னர்ப் பிறர் இட்டவை சில. இவ்விரண்டனையும் வேறுபடுத்தி அறிதலே முதற் பாடம்.

காசடிப்போர் வெள்ளிச் சில்லு ஒன்றினை இரண்டு அச்சுக்களிடையே வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பர். அச்சிற் குழிவாக வெட்டப்பட்டது காசிற் புடைப்பாக எழும். ஆதலின் அச்சிலேயே விரிசல் கண்டால், அவ்விரிசல் காசின்மேல் மெல்லிய மேடான கோடாகத் தோன்றும். கீறலாயின் பள்ளமாக இருக்கும். அச்சின் விரிசலாயின் மேடாக இருக்கும். நகத்தால் வருடிப் பார்ப்பார்க்கும் இவ்வேறுபாடு புலனாகும். அடியின் வேகத்தால் சில்லின் விளிம்பு தானே வெடிப்பதும் உண்டு. அவ்வெடிப்பு ஒழுங்கின்றிக் கிழிந்தாற்போல இருக்கும். உளியின் வெட்டோ நேராகவும் இருபுறமும் சரிந்த பள்ளமாகவும் இருக்கும். சிற்சில வேளைகளில் முன்னர் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அதனை நோக்காது அடுத்த சில்லினை வைத்து அடித்துவிடுவர். அப்போது அச்சில்லின் ஒரு புறத்தில் முறைப்படி தலை எழும்; மறுபுறத்தில் அத்தலையே இடம் வலமாக மாறிக் குழிவாகப் பதியும். இத்தகைய காசினைக் கண்டு கள்ளக்காசென்று மயங்குவோர் உளர். அது கைத்தவறேயன்றிக் கள்ளமன்று.

பிறர் பின்னர் இட்ட குறி எப்போதும் உள்ளே அமிழ்ந்து நிற்கும். ஒதுக்குண்ட உலோகம் அதன் கரையிற் சிறு வரம்பாகப் புடைத்திருக்கும். குறி ஆழமானதாயின் அதற்கு நேரே மறுபுறத்து உரு நசுங்கித் தட்டையாகும். அக்குறி, தேய்ந்த பகுதியின்மேல் தேயாது நிற்குமாயின், காசு நெடுநாள் வழங்கிய பின்னரே இடப்பட்டதென்று துணியலாம். இவ்விதிகளைக்கொண்டு நோக்கியபோது நண்பருடைய காசிலிருந்த பிறையும் பிளவும் அக்கசாலைக்குரியவை அல்ல என்பது தெளிவாயிற்று.

வெட்டியது எதற்கு?

அரசன் காசிலே தன் தலையைப் பொறிப்பது, 'இதன் எடைக்கும் மாற்றுக்கும் யான் பொறுப்பு' என்று கூறுதற்கு ஒப்பாகும். இவ்வுறுதிமொழியை நம்பியே உழவனும் வணிகனும் காசை வாங்குகின்றனர். நம்பிக்கை எங்குண்டோ அங்கு வஞ்சனைக்கும் இடமுண்டு. பண்டைக்காலத்துக் கள்ளக்காசு செய்வோர் செப்புச் சில்லொன்றினை மெல்லிய வெள்ளித் தகட்டாற் போர்த்து, தீயிற் காய்ச்சி, அச்சிலிட்டு அடித்தனர். வெள்ளி உருகுதற்கு 962 பாகை வெப்பம் வேண்டும். செம்பு உருகுதற்கு 1085 பாகை வேண்டும். ஆயின் நூற்றுக்கு 72 பங்கு வெள்ளியும் 28 பங்கு செம்பும் சேர்ந்த கலவையோ ஏறத்தாழ 780 பாகையிலேயே உருகிவிடும். ஆதலின் தகடும் செம்பும் தொடுமிடத்தில் இக்கலவை தானே உருகிப் பற்றாசாகி, இரண்டனையும் இறுகப் பிணைத்துவிடுகிறது. இக்காலத்து வேதியியலார் எழுதிவைத்த இவ்வுண்மையைப் பண்டைக் கள்வர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர் போலும்!

இத்தகைய காசினைக் கண்ணாற் கண்டறிதல் அரிது. வெட்டினாலன்றி உள்ளிருக்கும் செம்பு வெளிப்படாது. இதற்கென ஒரு சட்டமே இயற்றினர் ஏதென்சு நகரத்தார். கி.மு. 375-ஆம் ஆண்டையொட்டி நிக்கொபோன் என்பானது முயற்சியால் நிறைவேறிய அச்சட்டம் கல்லில் வெட்டப்பட்டது. அக்கல் 1970-ஆம் ஆண்டு ஏதென்சின் பழைய சந்தைவெளியில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதன்படி, அரசாங்க அடிமையாகிய நோட்டக்காரன் ஒருவன் சந்தையில் அமர்ந்து, கொண்டுவரும் காசுகளைச் சோதித்தல் வேண்டும். உள்ளே செம்போ ஈயமோ இருப்பதும், கள்ளமாக அடித்ததும் ஆகிய காசுகளை அவன் அப்போதே வெட்டித் தெய்வத்திற்குரிய பொருளாக்கி மன்றத்தில் ஒப்புவித்தல் வேண்டும். அவன் நல்லதென்று ஒப்பிய காசை வாங்க மறுக்கும் வணிகன் அன்று விற்கவைத்த சரக்கினை இழப்பான். நோட்டக்காரன் தன் கடமையில் தவறினாலோ ஐம்பது கசையடி. அரசின் முத்திரை ஒன்றே போதாது, அம்முத்திரையைச் சோதிக்கும் கண்ணும் வேண்டும் என்பதை அந்நகரத்தார் இவ்வாறு ஒப்புக்கொண்டனர்.

உரோமரின் நோட்டக்காரர்

உரோமரிடத்தும் இத்தொழில் பெருகிற்று. கி.மு. 85-ஐ ஒட்டிய காலத்தில் எக்காசு நல்லது, எக்காசு தீயது என்று அறியமாட்டாது உரோமாபுரி மக்கள் அல்லலுற்றனர். அப்போது மாரியு கிராத்திதியானு என்னும் அதிகாரி காசுகளைச் சோதிக்கும் முறையை ஆணையால் நிலைநாட்டினான். மக்கள் மகிழ்ந்து தெருத்தோறும் அவனுக்குச் சிலை நிறுத்தித் தூபமும் விளக்கும் ஏற்றினர் என்று சிசரோ எழுதுகின்றார். போர் வென்றாருக்குச் சிலை வைத்தல் உலக வழக்கம். காசு நோட்டத்திற்கு வழி வகுத்தானுக்குச் சிலை வைத்தனர் என்றால், கள்ளக்காசினால் ஏழைமக்கள் பட்ட துயர் எத்துணைத்தாக இருந்திருத்தல் வேண்டும்!

நோட்டக்காரர் பையிலிட்ட காசுகளைச் சோதித்து முடித்தபின், எலும்பாலோ தந்தத்தாலோ ஆன ஒரு சிறு நாற்கோணக் கோலினைப் பையிற் கட்டி முத்திரையிட்டனர். சோதித்த அடிமையின் பெயர், அவன் தலைவனின் பெயர், 'நோக்கினான்' என்னும் பொருளுடைய ஒரு சொல், நாளும் ஆண்டும் ஆகியன அக்கோலின் நான்கு பக்கங்களிலும் பொறிக்கப்பட்டிருக்கும். இவை நெடுங்காலம் வேறு பொருளாகக் கருதப்பட்டன. காசுப்பையிற் கட்டியவை இவை என்பதை 1919-இல் ஹெர்சோக் என்னும் செருமானிய அறிஞர் விளக்கினார்.

தனிக்காசுகளிலும் குறியிட்டனர். விளிம்பை ஆழ வெட்டினாற் காசு அழகு குன்றும். ஆதலின் பிறை, புள்ளி, சக்கரம், எழுத்து முதலிய சிறு முளைகளாற் குத்திப் பார்த்தனர். மேற்றகடு மெல்லிதாயின் அக்குத்திலேயே செம்பு தலைகாட்டும். தலைகாட்டாதாயின், அடுத்து வாங்குவோன் அக்குறியைக் கண்டு, 'முன்னரே ஒருவர் ஆராய்ந்துளர்' என்று ஓரளவு ஆறுதலடைவான். நம் நாட்டிலும் முகலாயர் காலத்து ரூபாய்களின்மேற் சராப்புக்கள் இட்ட இத்தகைய சிறு குறிகள் நிறைந்துள்ளன. நண்பருடைய காசின் கன்னத்துப் பிறையும் இவ்வினத்ததே.

கள்வரும் வாளா இருந்தாரல்லர். உரோமர் சில காலத்துக் காசுகளின் விளிம்பை வாள்வாய்ப் பற்களைப் போலக் கொத்தி அடித்தனர். செருமானியக் குடிகள் அக்காசுகளையே விரும்பி வாங்கினர் என்று தாசித்து என்னும் வரலாற்றாசிரியர் கூறுவர். ஆயினும் விளிம்பு கொத்தப்பட்ட போர்வைக்காசுகளும் இன்று கிடைத்துள்ளன. காப்பு எதுவாயினும் அதனையும் கள்வர் கற்றுக்கொள்வர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அரசே கலந்தால்?

இதுகாறும் கூறியவை கள்வர் செய்த வஞ்சனை. இனி, காவலனே செய்த வஞ்சனையைக் காண்பாம்.

திபேரியுவின் காலத்து டெனாரியஸ் ஓர் உரோம இராத்தல் வெள்ளியில் 84 காசு என்னும் கணக்கில் அமைந்தது. வெள்ளியும் ஏறத்தாழத் தூயது. உரோமாபுரி தீப்பற்றி எரிந்த கி.பி. 64-ஆம் ஆண்டையொட்டி நீரோ அக்கணக்கை மாற்றி, ஓர் இராத்தலுக்கு 96 காசு ஆக்கினான். காசு ஏறத்தாழ 3.4 கிராமாகச் சுருங்கியது. அதனுடன் செம்பையும் கலந்தான். தலையும் எழுத்தும் முன்போலவே பொலிந்தன. மதிப்பும் முன்போலவே கூறப்பட்டது.

இங்கேதான் நோட்டக்காரனுடைய உளி தோற்றது. போர்வைக்காசை வெட்டினால் செம்பு சிவந்து தோன்றும். ஐந்தில் ஒரு பங்கு செம்பு கலந்த வெள்ளியை வெட்டினாலோ உள்ளும் வெளுத்தே இருக்கும். கள்வன் வெள்ளியையும் செம்பையும் அடுக்கினான்; அரசன் இரண்டனையும் கரைத்துவிட்டான். பின்வந்த அரசரும் அவ்வழியே சென்றனர். செவேரு காலத்தில், அஃதாவது கி.பி. 195-ஐ ஒட்டி, வெள்ளி ஏறத்தாழப் பாதியாயிற்று. கி.பி. 270-ஐ ஒட்டிய காலத்திலோ, வெள்ளிக்காசென்று பெயர் தாங்கியவற்றுள் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளியும் இல்லை. புறத்தே ஒரு மெல்லிய வெண்டோல் மட்டும் இருந்தது. முந்நூறு ஆண்டுக்கு முன்னர் எத்தொழிலைச் செய்தமைக்காகக் கள்வரைத் தண்டித்தனரோ, அதனையொத்த தொழிலை அரசே மேற்கொண்டது!

உள்ளிருப்பதை அளத்தல்

அங்ஙனமாயின், உள்ளிருக்கும் வெள்ளியின் அளவை இக்காலத்தார் எவ்வாறு அறிகின்றனர்?

எளிய முறை ஆர்க்கிமிடீசினுடையது. காசைக் காற்றில் ஒருமுறையும் நீரில் மூழ்கத் தொங்கவிட்டு ஒருமுறையும் நிறுத்தல் வேண்டும். நீரில் எவ்வளவு எடை குறைகின்றதோ அவ்வளவு நீரைக் காசு ஒதுக்கியதென்பது பொருள். அக்குறைவால் காற்றிலுள்ள எடையை வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். வெள்ளிக்கு அது 10.5, செம்புக்கு ஏறத்தாழ 9.

இதனை யாம் எம் ரசாயன ஆய்வுக்கூடத்தில், வீட்டிலிருந்து கொணர்ந்த இரண்டு ரூபாய்களைக் கொண்டு சோதித்தோம். ஒன்று ஐந்தாம் ஜார்ஜு காலத்தது. 12-இல் 11 பங்கு வெள்ளி. மற்றொன்று, போர்க்காலத்தில் 1940 முதல் அடிக்கப்பெற்ற வகை. பாதியே வெள்ளி, எஞ்சியவை செம்பும் நிக்கலும் துத்தநாகமும். இரண்டும் 11.66 கிராம் எடையின. கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றுவன. கணக்கின்படி முன்னது நீரில் ஏறத்தாழ 1.13 கிராமும் பின்னது 1.22 கிராமும் இழத்தல் வேண்டும். எம் தராசிலும் அவ்வேறுபாடு ஐயமறப் புலப்பட்டது. 1940-இல் வெள்ளி குறைந்தபோதே கள்ளக்காசினைத் தடுக்க ரூபாயின் விளிம்பிற் புதியதொரு பாதுகாப்பு வேலையும் அமைத்தனர் என்று அறிந்து, உரோமரின் பல்விளிம்புக் காசுகளை நினைந்து வியந்தோம்.

சிறு காசுகளில் இம்முறை எளிதன்று. 3.4 கிராம் எடையுள்ள டெனாரியஸ் தூய வெள்ளியாயின் நீரில் 0.324 கிராம் இழக்கும். ஐந்தில் ஒரு பங்கு செம்பாயின் 0.335 கிராம் இழக்கும். வேறுபாடு 0.011 கிராமே. காசின்மேற் சிறு காற்றுக்குமிழிகள் ஒட்டியிருப்பினும், உள்ளே துரு அரித்திருப்பினும் விடை பிழைபடும்.

ஆதலின் அறிஞர் எக்ஸ் கதிரை நாடினர். அக்கதிர் பட்டவுடன் ஒவ்வோர் உலோகமும் தனக்கே உரிய கதிரினை மீள வீசும்; அதனை அளந்து வெள்ளி இத்துணை, செம்பு இத்துணை என்பர். காசைச் சிதைக்காத முறை இது. ஆயின் அக்கதிர் மேற்புறத்தை மட்டுமே காணும். மேற்புறமோ பொய் சொல்லும்! நம் தட்டார் செம்பு கலந்த வெள்ளியைத் தீயிற் காய்ச்சிப் புளிநீரிலிட்டு வெளுப்பாக்குவதை நாம் கண்டிருக்கின்றோம். தீயிற் செம்பு கரிந்து மேல்வரும். புளிப்பு அதனைக் கரைத்துப் போக்கும். தூய வெள்ளி மட்டும் தோலாக நிற்கும். உரோமரின் அக்கசாலையிலும் சில்லுகளை இவ்வாறே வெளுப்பாக்கினர். அதன் பின்னர் மண்ணில் ஈராயிரம் ஆண்டு கிடக்கும் காலத்தும் செம்பே முதலில் அரிக்கப்படும்.

இதனால் விளைந்த பிழை சிறிதன்று. 1976 முதல் 1978 வரை வாக்கர் என்பார் உரோம வெள்ளிக்காசுகள் பலவற்றின் விளிம்பைச் சிறிது சுரண்டி, எக்ஸ் கதிரால் அளந்து நூல் வெளியிட்டார். நீரோ திருத்திய காசில் நூற்றுக்கு 93 பங்குக்கு மேல் வெள்ளி இருப்பதாக அவர் கண்டார். பலர் அதனை நம்பி வரலாறு எழுதினர். பின்னர்க் கெவின் புச்சர், மாத்யூ பான்டிங் என்னும் இருவர் காசின் விளிம்பில் மயிரிழை போன்ற துளையிட்டு, மேற்றோலை நீக்கி, உள்ளிருந்து எடுத்த பொடியை ஆராய்ந்தனர். அங்கே கண்டது ஏறத்தாழ 80 பங்கே! நீரோவின் வஞ்சனை நம் காலத்து அறிஞரையும் சில ஆண்டுகள் ஏமாற்றிவிட்டது. ஏதென்சு நோட்டக்காரனுடைய உளி சொன்ன பாடத்தையே இந்நுண்துளையும் சொல்கின்றது: உள்ளே புகுந்து பாராதவன் உண்மையைக் காணான்.

தமிழகத்துக் கண்கள்

இனி, இக்காசு கொங்கு நாட்டுத் தோட்டத்திற்கு வந்த வரலாற்றைக் காண்பாம். மிளகும் முத்தும் மணியும் கொள்ள வந்த யவனர் பொன்னும் வெள்ளியும் கொணர்ந்தனர். கோயம்புத்தூர், கரூர் பகுதிகளிற் கிடைத்த உரோம வெள்ளிக்காசுகளுட் பெரும்பாலன அகுஸ்துவினுடையவும் திபேரியுவினுடையவுமே. கி.பி. 64-க்குப் பின் அடிக்கப்பட்ட வெள்ளிக்காசுகள் இந்தியப் புதையல்களில் அரியவை. நீரோவின் கலப்புக்காசு நம் வணிகரிடம் விலைபோகவில்லை என்பது இதற்குப் பலர் கூறும் காரணம். நீரோவின் காலத்திற்குப் பின்னரும் யவனர் பழங்காசுகளையே தேடித் திரட்டி இங்கு அனுப்பினர் என்பாரும் உளர். இரண்டில் எதனைக் கொண்டாலும் ஓருண்மை நிற்கும்: இங்கே காசை வாங்கியவர்கள் தலையைப் பார்த்து வாங்கினாரல்லர், வெள்ளியைப் பார்த்தே வாங்கினர்.

இதற்குத் துணையாக இரண்டு சான்றுகள் உள. கிலவுதியுராயன் காலத்தில் உரோமன் ஒருவன் காற்றால் அலைப்புண்டு இலங்கையிற் கரையேறினான். அவன் வைத்திருந்த டெனாரியஸ்கள் வெவ்வேறு அரசரின் தலைகளைக் கொண்டிருந்தும் எடையில் ஒத்திருந்தமை கண்டு, அந்நாட்டரசன் உரோமரின் நேர்மையை வியந்தான் என்று பிளினி எழுதியுள்ளார். அவன் உருவத்தை நோக்கி வியவாது எடையை நோக்கி வியந்தமை கருதற்பாலது.

இரண்டாவது சான்று நம் சங்கநூல்களிலேயே உளது. வடமவண்ணக்கன் தாமோதரனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் என்னும் புலவர் பெயர்களைத் தமிழ் வகுப்பில் எத்துணை முறை ஒப்பித்திருக்கின்றோம்! வண்ணக்கன் என்னுஞ் சொல்லுக்கு நாணயத்தைச் சோதிப்பவன் என்பது பொருள். ஏதென்சில் அடிமை செய்த தொழிலைச் செய்தோர் தமிழகத்திற் பாவலராகவும் விளங்கினர். கரூரை அடுத்த புகழூர் மலைக் கல்வெட்டொன்று கருவூர்ப் பொன்வாணிகன் நத்தி என்பானைக் குறிக்கின்றது. இத்தகையோர் வாழ்ந்த நாட்டில் கலப்புக்காசு எளிதிற் செலாவணியாகாமை வியப்பன்று.

ஒன்றை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும். வெட்டுக்களெல்லாம் சோதனை வெட்டுக்கள் அல்ல. புதுக்கோட்டைச் சீமையில் 1898-இல் 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலனவற்றில் அரசனுடைய தலையின்மேலேயே உளிவெட்டு உளது. அவ்வெட்டுக்கள் சோதனைக்காக அல்ல, அக்காசுகளை வழக்கிலிருந்து நீக்குதற்காகவே இடப்பட்டன என்று அறிஞர் கருதுவர். ஆதலின் ஒரு வடுவைக் கண்டவுடன் பொருள் கூறாது, அஃது எவ்விடத்தில், எத்துணை ஆழத்தில், எத்தனை காசுகளில் உளது என்று நோக்கியே துணிதல் வேண்டும்.

முடிவுரை

நண்பருடைய காசினை யாம் தேய்க்கவில்லை. தேய்த்திருந்தால் பிறையின் கரையிற் புடைத்த நுண்ணிய வரம்பு மழுங்கியிருக்கும், கருமையோடு வெள்ளியும் சிறிது கழிந்திருக்கும், எடையும் குன்றியிருக்கும். தண்டையும் காப்புமாகிய ஏனைய காசுகள் எத்துணைக் குறிகளைத் தாங்கியிருந்தனவோ! எத்தனை வண்ணக்கர் கைபட்டனவோ! அக்கலயம் முழுமையாக இருந்திருந்தால், அதனைப் புதைத்தோன் எக்காலத்தவன் என்பதும், எக்காசுகளை நம்பினான், எவற்றை ஐயுற்றான் என்பதும் புலனாகியிருக்கும். அவ்வளவும் ஒரு நாள் உலையில் அழிந்தன. அவர்களை நோதற்கில்லை, அவர்கள் அறியார். அறிந்த நாமும் அவ்வாறே செய்வோமாயின் அதுவே குற்றம்.

1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின்படி, மண்ணிற் புதைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின் மாவட்டக் கலெக்டருக்கு அறிவித்தல் கண்டெடுத்தவர் கடமை. இதனை எம் பேராசிரியர் எடுத்துரைத்தார். நண்பர் பெரிதும் தயங்கினார். அரிசிப்பானையின் மங்கலப்பொருள் என்று அதனைக் காத்துவந்த பாட்டியாருக்கு என்ன சொல்வது என்பதே அவர் கவலை. கோடை விடுமுறையில் ஊர் சென்று, யாம் கற்றவற்றையெல்லாம் பாட்டியாருக்கு விரித்துரைத்தாராம். எல்லாவற்றையும் கேட்டிருந்த அம்மூதாட்டியார், "அப்படியானால் அந்தப் பிறை, யாரோ ஒருவர் நல்ல காசென்று சாட்சி சொன்னது, அல்லவா? சாட்சியைப் பானைக்குள் பூட்டிவைக்கலாமா? கொண்டுபோய்க் கொடு" என்று கூறி, தாமே எடுத்து ஒரு துணியில் முடிந்து கொடுத்தனராம். காசு இப்போது உரியவர் கையில் உளது.

நம் தமிழில் நாணயம் என்னுஞ் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். கல்லூரியிலிருந்து புறப்படும் நாமும் அக்கசாலையிலிருந்து புறப்படும் காசுகளை ஒப்போம். பட்டம் என்னும் முத்திரை நம்மீது பொலிவாகப் பதியப்படும். ஆனால் உலகமாகிய சந்தையில் நம்மைக் கைக்கொள்வோர் அம்முத்திரையோடு அமையார். தட்டியும் வெட்டியும் பார்ப்பர். அவ்வடுக்களுக்கு அஞ்சற்க. வெட்டிய இடத்திலும் வெள்ளியாக இருத்தலே நம் கடன்.